பிப்ரவரியில் கயாக் ரேஸ்: முதலில் விரல்களைக் காப்பாற்றுங்கள்

இங்கிலாந்தில் கயாக் (இருபுறமும் துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லிப் படகு) மாரத்தான் சீசன் வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்ப வேண்டிய ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமையில் அது தொடங்கிவிடும். தெற்கே இருக்கும் எங்களுக்கு அது பெரும்பாலும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில், நியூபரி பக்கம் நடக்கும் வாட்டர்சைட் தொடர்தான். ஏ, பி, சி, டி என்று நான்கு ரேஸ். முதலாவது பதின்மூன்றரை மைல். போகப் போகத் தூரம் கூடி, கடைசி ரேஸ் டிவைசஸிலிருந்து நியூபரி வரை 34 மைல். ஈஸ்டர் சமயத்தில் வரும் டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் ரேஸுக்கு (125 மைல், 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓட வேண்டும்) பலருக்கும் இதுதான் ஒத்திகை. அந்தப் பெரிய ரேஸின் கதை 1948 ஈஸ்டரில், டிவைசஸ் ஊர்ச் சாரணப் பையன்கள் நூறு மணி நேரத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டர் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆரம்பிக்கிறது.

ரெடிங்குக்குக் குடிவந்த பிறகுதான் நான் துடுப்பையே தொட்டேன். இப்போது நம்மவர்கள் ஒருவர் இருவராகக் கிளப்பில் சேர்கிறார்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, ரொம்பக் குளிருமா?" குளிரும். குளிருக்கு உடம்பு தாங்கும், விரல்தான் தாங்காது. பிப்ரவரியில் ரேஸைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கியது, தோள் வலித்தது என்று சொல்பவர்கள் குறைவு. கை மரத்துப்போய் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

முதலில் படகு. போன செப்டம்பரில் நீங்கள் எந்த கே1-ல் (ஒருவர் ஓட்டும் கயாக்) உட்கார்ந்து ஓட்டினீர்களோ, அதைவிட ஒரு படி அகலமானதை, ஆட்டம் குறைந்ததை எடுங்கள். குளிர்காலம் முழுக்க ஜிம்மில் எடை தூக்கியிருப்பீர்கள், துடுப்பு மெஷினில் வேர்த்திருப்பீர்கள். அதெல்லாம் பலத்துக்குச் சரி, பேலன்ஸுக்கு ஒன்றும் செய்யாது. இடுப்பு குளிரில் விறைத்திருக்கும். மேலே இரண்டு அடுக்குத் துணி, அதற்கு மேல் மிதவை ஜாக்கெட். இந்த நிலையில் ஒல்லியான ரேஸிங் படகில் ஏறினால் பாதிச் சக்தி கவிழாமல் இருப்பதற்கே போய்விடும். கவிழுமோ என்று பயப்படுபவர் துடுப்பை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடித்த விரலில் ரத்தம் ஓடாது. ஆக, படகு விஷயமும் சுற்றிச் சுற்றி விரலிடம்தான் வந்து நிற்கிறது.

இனி உடை. காட்டன் கூடவே கூடாது. நமக்குப் பிரியமான துணிதான், ஆனால் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்போடு ஒட்டி ஒரு மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதற்கு மேல் மணிக்கட்டிலும் கழுத்திலும் இறுக மூடும் துடுப்பு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மிதவை ஜாக்கெட். தலைக்குக் கம்பளித் தொப்பி. கிளம்பும் இடத்தில் நிற்கும்போது லேசாக நடுங்க வேண்டும், அதுதான் சரியான அளவு. கதகதப்பாக நின்றால் இரண்டாவது மைலில் வேர்த்துக் கொட்டும். பிறகு காற்று அடிக்கும்போது அந்த வேர்வையே பகையாகும்.

காலுக்கு நியோப்ரீன் (ரப்பர் போன்ற துணி) சாக்ஸும் பழைய ஓட்டக் காலணியும் போதும். காலணி மெலிதாக இருக்கட்டும். பந்தயப் படகில் சுக்கானைத் திருப்பும் கம்பி இரண்டு பாதங்களுக்கு நடுவே நிற்கும். கனத்த அடிப்பாகம் அதில் இடித்துக்கொண்டே இருந்தால் படகு நேராகப் போகாது.

கைக்கு கையுறை போடாதீர்கள். துடுப்புத் தண்டின் உணர்வு போய்விடும், நனைந்த கையுறைக்குள் விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். போகீஸ் வாங்குங்கள். துடுப்புத் தண்டைச் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் உறை அது. வெறும் கையை உள்ளே விட்டுத் தண்டைப் பிடிக்கலாம், காற்றும் தெறிக்கும் தண்ணீரும் தோலில் படாது. ஒரு விஷயத்தை மட்டும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்: கையை ஒரே இழுப்பில் வெளியே எடுப்பது, பார்க்காமலே திரும்ப நுழைப்பது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே நான் பழகினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கரைக்கு வந்து விளிம்பைப் பிடிக்க வேண்டிய நொடியில் கை உறைக்குள் சிக்கினால் அங்கேயே கவிழ்வீர்கள். ரேஸ் ஆரம்பிப்பதற்கு முன் தோளிலிருந்து இரண்டு கைகளையும் பெரிய வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல் நுனிக்கு ஓடி, சுருக்சுருக்கென்று குத்தும். அந்தக் குத்தல் வந்தபின் படகில் ஏறுங்கள்.

மரத்த கையால் எந்த உறையையும் பிரிக்க முடியாது. அதனால் சாப்பாட்டை முந்தின இரவே பிரித்து, துண்டு துண்டாக வெட்டி, ஜாக்கெட் பையில் போட்டுவிடுங்கள். கடலை மிட்டாய் நல்ல யோசனை என்று தோன்றும். இரண்டு டிகிரியில் அது பல்லை உடைக்கும் கல். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எவ்வளவோ மேல். குடிக்க, குழாய் வைத்த பையில் வெதுவெதுப்பான ஜூஸ். ஒவ்வொரு முறை உறிஞ்சிய பிறகும் ஊதி, குழாயில் மிச்சமிருப்பதைப் பைக்குள் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் குழாய் முனை உறைந்து அடைத்துக்கொள்ளும்.

சரி, தண்ணீருக்குள் விழுந்தால்? பிப்ரவரிக் கால்வாய்த் தண்ணீர் ஐந்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கனடாவில் குளிர்நீர் ஆராய்ச்சி செய்யும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறார்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது. விழுந்ததும் தானாகவே பெரிதாக இழுக்கும், அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. அடுத்த பத்து நிமிடம் கைகால் உருப்படியாக வேலை செய்யும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நீந்தத் தெரிந்தவர்களும்கூட முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறி மூழ்கிவிடலாம். அதனால் விழுந்ததும் நீந்தப் பார்க்காதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். கால்வாய் குறுகல்தான், பல இடங்களில் எழுந்து நின்றாலே இடுப்பளவுதான். கரையேறியதும் முதல் வேலை ஈர மேலுடையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுவது. நீர்ப்புகாப் பையில் மாற்றுடை கட்டி எடுத்துப் போகச் சொல்வது இதற்குத்தான். "இன்னும் நாலு மைல்தானே" என்று நனைந்த உடையோடு மறுபடி ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இதெல்லாம் கால்வாய்க்கான பேச்சு. பயிற்சிக்குத் தேம்ஸ் ஆற்றில் இறங்குபவர்கள் லாக்கில் (படகுகளை மேலே ஏற்றி, கீழே இறக்கும் மதகில்) தொங்கும் பலகையைப் பாருங்கள். சிவப்பில் பலமான ஓட்டம் என்று எச்சரிக்கை இருந்தால் படகைக் காரிலிருந்தே இறக்க வேண்டாம்.

அப்புறம் போர்ட்டேஜ். நீர்மட்டம் மாறும் ஒவ்வொரு லாக்கிலும் படகிலிருந்து இறங்கி, படகைத் தோளில் போட்டு ஓடி, மறுபக்கம் இறக்க வேண்டும். டி ரேஸில் இப்படி முப்பதுக்கு மேல். புதியவர்கள் நேரத்தைத் தொலைப்பது இங்கேதான், விழுவதும் இங்கேதான். கரையோரக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். ஏறும்போது துடுப்பைக் கரையில் குறுக்காக வைத்து எடையை அதன் மேல் சாய்த்து, முதல் காலைப் படகின் சரிநடுவில் வையுங்கள், பிறகு உட்காருங்கள். குதிக்கவே கூடாது. கே2 (இருவர் ஓட்டும் கயாக்) என்றால் யார் முதலில் ஏறுவது என்பதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு முன்னால் உட்காரும் கூட்டாளி ஓய்வுபெற்ற பிளம்பர். கரையை நெருங்கும்போது அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான், "இப்போ." அதற்கு முன் நான் அசைந்தால் அன்றைக்கு வீடு வரைக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

டி ரேஸுக்குப் போகிறவர்கள் வழியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். டிவைசஸிலிருந்து வூட்டன் ரிவர்ஸ் வரை 15 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. சுகம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தபடியே வந்த கால் உறைந்து கிடக்கும், வூட்டன் ரிவர்ஸில் இறங்கும்போது முழங்கால் உங்களுடையதே அல்ல என்பதுபோல் மடியும். கடைசி ஒரு மைல் வரும்போதே பாதத்தை மாற்றி மாற்றி அழுத்தி, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வாருங்கள். கரையேறியதும் முதல் பத்துப் பன்னிரண்டு அடி நடங்கள், பிறகு ஓடலாம். அதைத் தாண்டினால் 502 கஜம் நீளமுள்ள ப்ரூஸ் சுரங்கம். பிறகு க்ராஃப்டன், வரிசையாக ஒன்பது லாக். 1812-ம் ஆண்டு நீராவி இயந்திரம் இன்னும் இருக்கும் பழைய பம்ப்பிங் ஸ்டேஷன் அங்கேதான். லாக்குகளுக்கு நடுவே தண்ணீர்த் தூரம் கொஞ்சம்தான். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குவதைவிட இரண்டு மூன்றைச் சேர்த்து ஓடிவிடலாம். கால் சூடாகும், விரலுக்கும் உயிர் வரும். வேகமான ஆட்கள் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள், அது அவர்கள் பாடு.

கால்வாய் ஆழமில்லாததால் ஒரு வேகத்துக்கு மேல் அழுத்தினால் படகின் பின்பகுதி தண்ணீரில் அமிழ்ந்து இழுக்கும். உழைப்பு கூடும், வேகம் கூடாது. முன்னால் போகிறவர் எழுப்பும் அலையில், அவர் படகுக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தங்கி ஒட்டிக்கொண்டால் உழைப்பு கணிசமாகக் குறையும். கேட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், நடுநடுவே நீங்களும் முன்னால் போய் இழுங்கள். அன்னங்களுக்கு வழிவிடுங்கள். மார்ச் மாதம் கூடு கட்டும் ஆண் அன்னத்துக்கு ரேஸ் விதியெல்லாம் தெரியாது.

சில வருடம் தண்ணீர் மேல் மெல்லிய பனித்தகடு இருக்கும். படகின் மூக்கு படும்போது அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த விளிம்பு படகின் மேற்பூச்சைக் கத்தியாக அறுக்கும். அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிட்டு ஓடப் போங்கள்.

ரேஸ் முடிந்ததும் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், உடை மாற்றுங்கள். நின்றதும் உடம்பு மளமளவென்று குளிரும். பெரிதாக நடுங்குகிறீர்கள் என்றால் உடனே சுடுதண்ணீர்க் குளியலும் வேண்டாம், மதுவும் வேண்டாம். உலர்ந்த உடை, தொப்பி, காருக்குள் உட்கார்ந்து சூடாக ஏதாவது. என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுவருவார், உப்பு ஒரு கல் கூட. ஒருமுறை ருசி பார்த்த பிளம்பர் இப்போது சொந்தக் கோப்பையோடு வருகிறார். கையில் சிராய்ப்பு இருந்தால் ரேஸுக்கு முன்பே பிளாஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும், சாப்பிடும் முன் சோப்பால் கழுவ வேண்டும். எலிக் காய்ச்சல் இந்தத் தண்ணீரிலும் உண்டு.

அன்று இரவு மணிக்கட்டைக் கவனியுங்கள். முன்கையில் விரலை வைத்து மணிக்கட்டை மடக்கும்போது உள்ளே கரகரவென்று உராய்வது தெரிந்தால் தசைநார் உறை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். குளிரில் தண்டை இறுக்கிப் பிடிப்பதாலும், தூரத்தைத் திடீரென்று கூட்டுவதாலும் வருவது. துடுப்பு போடும்போது மேலே இருக்கும் கையின் விரல்களைத் தளர்த்தி, மணிக்கட்டை மடக்காமல் தள்ளப் பழகினால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் களிம்பு தடவிக்கொண்டு அடுத்த ரேஸுக்குப் போகாதீர்கள். கரகரப்பு முழுசாகப் போகும்வரை ஓட்டம் மட்டும் போதும், துடுப்பு வேண்டாம்.