கரண்ட் எதில் போகும், எதில் போகாது? ஒரு குட்டி டெஸ்டர் செய்து பார்ப்போம்

ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதன் தலையில் மாட்டும் கிளிப், சிவப்பு எல்.இ.டி. ஒன்று, கரண்டைக் குறைத்து விடும் 470 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் ஒயர். இவ்வளவுதான் சாமான்.

எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ். கிளிப்பின் சிவப்பு ஒயரை ரெசிஸ்டரின் ஒரு முனையில் முறுக்கி, மறுமுனையை அந்த நீளக் காலில் முறுக்குங்கள். குட்டைக் காலில் ஓர் ஒயர், கிளிப்பின் கறுப்பு ஒயரில் இன்னோர் ஒயர். இந்த இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் எரிய வேண்டும், எரியாவிட்டால் எல்.இ.டி.யைத் திருப்பி மாட்டுங்கள். ரெசிஸ்டர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் எல்.இ.டி. அங்கேயே புகைந்துவிடும்.

அப்புறம் கைக்குக் கிடைத்ததில் எல்லாம் இரண்டு நுனிகளையும் வைத்துப் பாருங்கள். சாவி, கரண்டி, காசு எரியும். சீப்பு, ரப்பர் செருப்பு, கொட்டாங்குச்சி எரியாது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்தால் எரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது கிராஃபைட்; உலோகம் இல்லை, ஆனாலும் கடத்தும்.

நான் ஏமாந்தது செம்புக் கம்பியில். கோயமுத்தூர்ப் பக்கம் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறைகளுக்கா பஞ்சம், ஒன்றில் துண்டுக் கம்பி வாங்கி வந்து வைத்தேன், எரியவில்லை. பேட்டரியை மாற்றி, எல்.இ.டி.யை மாற்றி, அரை மணி நேரம் போனது. கடைசியில் அதே பட்டறைக்காரரிடம் போய் நின்றால், "மேல இனாமல் இருக்குதுங்க தம்பி, சுரண்டீட்டு வெச்சுப் பாருங்க" என்று சிரிக்கிறார். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டி, காயில் ஷார்ட் ஆகிவிடும். பெயிண்ட் அடித்த கேட்டும் இதே கதைதான், பிளேடால் ஒரு கீறல் போட்டுவிட்டு வையுங்கள்.

இதை பிளக் பாயிண்டில் மட்டும் சொருகிவிடாதீர்கள். 9 வோல்ட்டில் எரியாத பொருள் 230 வோல்ட்டுக்குத் தாங்கும் என்று அர்த்தமும் இல்லை. காய்ந்த குச்சியால் மோட்டார் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கும் அப்புச்சிகள் (தாத்தாக்கள்) நம் தோட்டங்களில் உண்டு. அந்தக் குச்சியில் டெஸ்டர் எரியாது, சரி. ஆனால் அப்போதுதான் ஒடித்த பச்சை முருங்கைக் கொப்பில் இரண்டு நுனிகளையும் குத்தி, இருட்டில் பாருங்கள், மங்கலாக மினுங்கும். ஈரம் ஏறினால் மரமும் கடத்தும்.

தண்ணீருக்கு மூன்று டம்ளர் எடுங்கள்: ஒன்றில் எங்கள் ஊர்க் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நுனிகளை ஒரே இடைவெளியில் முக்குங்கள். எங்கள் போர் உப்புத் தண்ணீர், அதில் நன்றாகவே எரிந்தது. சிறுவாணியில் மங்கல், டிஸ்டில்டில் ஒன்றும் தெரியவில்லை. கரைந்த உப்புதான் வேலை செய்கிறது. நுனியில் குமிழி வரும், ரொம்ப நேரம் விட்டால் செம்பு அரித்துப் போகும், அதனால் சட்டென்று எடுத்துவிடுங்கள். கடைசியாக அந்த டிஸ்டில்டு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நுனிகளை முக்கியபடியே ஸ்பூனால் கலக்குங்கள். ஸ்பூன் நுனிகளில் படக் கூடாது, பட்டால் அதுவே எரிய வைத்துவிடும்.