அறுபது கார்டும் ஆறு பிரைஸும்: போக்கிமான் டெக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் போக்கிமான் கார்டு விளையாட வருகிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சித்திரை வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும். பாயை விரித்து எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தோற்ற பிள்ளை எழுந்து வந்து சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மாமா, நல்ல கார்டே வரல." அந்தப் பிள்ளையின் டெக்கை, அதாவது ஆடக் கொண்டுவந்த கார்டுக் கட்டை, வாங்கித் தரையில் பரப்பிப் பார்ப்பேன். கார்டு வராததற்கான காரணம் பெரும்பாலும் அந்த அறுபதுக்குள்ளேயே இருக்கும்.

புதியவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்கில் சரியாக 60 கார்டு. அடிப்படை எனர்ஜி (தாக்குவதற்காகப் போக்கிமான் மீது ஒட்டும் கார்டு) தவிர, ஒரே பெயரில் 4க்கு மேல் கூடாது. முதல் கையில் 7 கார்டு. அவரவர் டெக்கிலிருந்தே ஆறு கார்டு பிரைஸாக, அதாவது பரிசாக, கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் ஒரு பிரைஸ் எடுக்கலாம், அது சாதாரண 'இஎக்ஸ்' (வலுக் கூடிய போக்கிமான்) வகையாக இருந்தால் இரண்டு. ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றார். எதிராளியிடம் களத்தில் ஒரு போக்கிமானும் இல்லாமல் போனாலும், அவர் முறை தொடங்கும்போது எடுக்க டெக்கில் கார்டே இல்லாவிட்டாலும் வெற்றிதான்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. பெட்டிக்கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. அவை போலி. பின்பக்க நீலம் வெளுத்திருக்கும், எழுத்து வேறாக இருக்கும், தாக்குதல் எண்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டியில் வைக்க முடியாது. அசல் வாங்குகிறவர்களும் பாக்கெட் பாக்கெட்டாக உடைத்து டெக் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஒரு பாக்கெட்டில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. டெக்குக்கோ குறிப்பிட்ட கார்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வேண்டும். தனிக் கார்டாக விலைக்கு வாங்குவதுதான் சிக்கனம். வாங்கும்போது கார்டின் அடியில் இடது ஓரத்தில் இருக்கும் சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் போட்டியில் எந்தெந்த எழுத்துகள் செல்லும் என்பது காலப்போக்கில் மாறும், பழைய எழுத்துகள் கழிந்துகொண்டே போகும். அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் கார்டுகளும் கணக்கை விளக்கத்தான். நீங்கள் போகும் போட்டியில் அவை செல்லுமா என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒவ்வொன்றிலும் ஒன்று

பிள்ளைகளின் டெக்கில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சாரிசார்ட் பிடிக்கும், பிளாஸ்டாய்ஸ் பிடிக்கும், வீனசாரும் பிடிக்கும், ஆகவே மூன்றும் உள்ளே. ஒவ்வொன்றும் கீழ்நிலையிலிருந்து பரிணமித்து வருவது, அதற்குக் கீழ்நிலைக் கார்டுகள் வேண்டும், மூன்று நிற எனர்ஜி வேண்டும். கடைசியில் எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு, எதிலும் போதுமான அளவு இல்லை.

எண்ணைப் பாருங்கள். ஒரு கார்டை ஒன்று மட்டும் வைத்தால், முதல் ஏழில் அது வர வாய்ப்பு 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. நான்கு வைத்தால் குறைந்தது ஒன்றாவது வர வாய்ப்பு 40 சதவீதம். நான்கும் வைத்தாலே பாதி ஆட்டங்களில்கூட முதல் கையில் வராது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் தேடித் தரும் கார்டுகள் தேவைப்படுகின்றன. 4 சார்மாண்டர் (சாரிசார்டின் அடிநிலை), அதைத் தேடித் தரும் 4 பட்டி பட்டி பாஃபின், 4 அல்ட்ரா பால் என்று பன்னிரண்டு வழி வைத்தால், அந்தப் பன்னிரண்டில் ஒன்றாவது ஏழுக்குள் வர வாய்ப்பு 81 சதவீதம். வலுவான டெக் என்று நாம் சொல்வது இந்த 40ஐ 81 ஆக்குகிற வேலையைத்தான்.

அடிப்படைப் போக்கிமானை, அதாவது பரிணமிக்காமல் நேராகக் களத்தில் வைக்கக்கூடியதை, குறைப்பது இதோடு பிறந்த தவறு. முதல் கையில் ஒரு அடிப்படைப் போக்கிமானாவது இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். அதற்கு ஈடாக எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் எட்டே அடிப்படை இருந்தால் அப்படி நடக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 35 சதவீதம். பன்னிரண்டு இருந்தால் 19. அதுவும் தனியாக ஒரே ஒரு சார்மாண்டரை முன்னால் நிறுத்தி, அது 70 எச்பியோடு (அடி தாங்கும் அளவு) முதல் அடியிலேயே விழுந்து, பின்வரிசையான பெஞ்சில் யாரும் இல்லாமல் ஆட்டமே முடிந்துபோவதை இந்தப் பாயில் பலமுறை பார்த்துவிட்டேன்.

எனர்ஜியைக் கொட்டி நிரப்புவது அடுத்தது. இருபது, இருபத்திரண்டு என்று வைக்கிறார்கள். ஒரு முறைக்கு ஒரு எனர்ஜிதான் கையிலிருந்து ஒட்ட முடியும். மிச்சமெல்லாம் கையில் சும்மா இருக்கும். 2023இல் வந்த சாரிசார்ட் இஎக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது பரிணமித்து வரும்போதே டெக்கிலிருந்து மூன்று நெருப்பு எனர்ஜி வரை எடுத்து நம் போக்கிமான்களுக்கு ஒட்டலாம். எனர்ஜி கைக்கு வருவதை விட டெக்கில் இருப்பதுதான் அங்கே லாபம். அந்த டெக்கைப் போட்டிகளில் ஆடியவர்கள் ஆறேழு நெருப்பு எனர்ஜியோடு நிறுத்திக்கொண்டார்கள். "இது என் டெக்கில் எப்படிப் போக்கிமானிடம் போய்ச் சேருகிறது?" என்று கேட்டு அதன்படி எண்ணிக்கையை வையுங்கள்.

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் சீர் சாமான் சிட்டை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்தப் பாத்திரம், எத்தனை, எதற்கு என்று வரி வரியாக இருக்கும். டெக்கையும் அப்படி எழுதிப் பாருங்கள். கார்டின் பெயருக்கு எதிரே எண்ணிக்கை, அதற்கு எதிரே அது செய்யும் வேலை. வேலையை எழுத முடியாத வரியை எடுத்துவிடுங்கள். எங்கள் அப்பத்தா வீட்டுச் செலவைச் சிட்டையில் எழுதி, ராத்திரி அது சரிவராமல் படுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முயல்கிறேன்.

இணையத்தில் வென்றவர்களின் பட்டியல் கிடைக்கிறது. லிமிட்லெஸ் போன்ற தளங்களில் பெரிய போட்டிகளின் டெக்குகள் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்து எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அதில் ஐந்து கார்டை மாற்றுவதுதான் தவறு. ஒற்றையாக இருக்கும் ஏதோ ஒரு கார்டு எதற்கு என்று புரியாமல் தூக்கிவிடுகிறார்கள். பத்து ஆட்டம் அப்படியே ஆடுங்கள், பிறகு ஒன்றிரண்டை மாற்றுங்கள். ஒரு தோல்விக்குப் பத்துக் கார்டை மாற்றினால் எது கெடுத்தது, எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

பிரைஸில் கிடப்பது

டெக் சரியாக அமைந்த பின்னும் ஆட்டத்தைத் தோற்கடிக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. பிரைஸாக ஆறு கார்டு கவிழ்ந்து கிடக்கிறது. டெக்கில் ஒன்றே ஒன்றாக இருக்கும் கார்டு அந்த ஆறில் போய்விட வாய்ப்பு சரியாகப் பத்தில் ஒன்று. நான்கு வைத்த கார்டில் ஒன்றாவது அங்கே போயிருக்க வாய்ப்பு 35 சதவீதம். சென்னையில் ஒரு போட்டிக்காகப் பல்லவன் ரயிலில் ஏறிப் போனேன். இரண்டு நல்ல கார்டுகளைத் தள்ளி அல்ட்ரா பால் போட்டு டெக்கைத் தேடினேன். நான் தேடிய போக்கிமான் பிரைஸில் கிடந்தது. முந்தின முறையே டெக்கை ஒரு தடவை பார்த்திருந்தேன், அப்போது எண்ணவில்லை. அந்த ஆட்டம் அங்கேயே போயிற்று.

டெக்கை முதன்முதலில் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்போதே முக்கியமான ஏழெட்டுக் கார்டுகளை எண்ணிவிட வேண்டும். கையில் எத்தனை, களத்தில் எத்தனை, டெக்கில் எத்தனை, மீதி பிரைஸில். வீட்டில் பழகலாம்: ஆறு கார்டைப் பார்க்காமல் எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் புரட்டி அந்த ஆறும் என்ன என்று சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு நிமிடத்துக்குள் ஆறையும் சொல்லிவிடுகிறாள். அவளுக்கு வயது பன்னிரண்டு.

எதை முதலில் செய்வது

எங்கள் ஆயா பல்லாங்குழியில் ஒரு குழியைத் தொடுவதற்கு முன் கண்ணாலேயே எண்ணி, கடைசி முத்து எங்கே விழும், அங்கிருந்து எடுத்தால் அடுத்து எங்கே போய் நிற்கும் என்று பார்த்துவிடுவார்கள். பிறகுதான் கை நகரும். கார்டில் பிள்ளைகள் கைக்கு வந்ததை வந்த வரிசையில் போடுகிறார்கள்.

ஒரு முறையில் சப்போர்ட்டர் கார்டு ஒன்றுதான் போடலாம். அந்த வகையான புரொஃபசர்ஸ் ரிசர்ச் போட்டால் கையில் உள்ள எல்லாம் தள்ளப்பட்டுப் புதிதாக ஏழு வரும். ஆகவே அதற்கு முன்பே பெஞ்சில் வைக்க வேண்டியதை வைத்து, எனர்ஜியை ஒட்டி, கையைக் காலி செய்துவிட வேண்டும். தேடும் கார்டுகளையும் முதலில் போட்டால் நமக்கு இனி வேண்டாதது டெக்கிலிருந்து கழியும், எடுக்கும் ஏழு கார்டின் தரம் கூடும். ஆனால் கையைத் தள்ளாமல் கூடுதல் கார்டு தரும் வழி ஒன்று இருந்தால் அதை முன்னால் செய்துவிட்டு, வந்ததைப் பார்த்த பிறகு எனர்ஜி யாருக்கு என்று முடிவு செய்வது நல்லது. தெரிந்துகொள்ள உதவுவது முதலில், திரும்ப எடுக்க முடியாத முடிவு பிறகு.

ரேர் கேண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்மாண்டரிலிருந்து நேராக சாரிசார்டுக்குத் தாவ வைக்கும் கார்டு அது. முதல் முறையில் அதைப் போட முடியாது, இப்போதுதான் களத்தில் வைத்த சார்மாண்டர் மீதும் போட முடியாது. ஆகவே ஒரு முறை முன்னதாகவே இரண்டு சார்மாண்டர் பெஞ்சில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் எதிராளி பாஸஸ் ஆர்டர்ஸ் போட்டு அதை முன்னால் இழுத்து அடித்துவிடுவார்.

அதே காரணத்தால்தான் பெஞ்சை நிரப்புவதும் தவறு. ஐந்து இடம் இருக்கிறது என்று ஐந்தையும் வைக்க வேண்டியதில்லை. எச்பி குறைந்த ஒரு இஎக்ஸ், ஒரு சிறு உதவிக்காகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், எதிராளிக்கு எளிதாக இரண்டு பிரைஸ் எடுத்து வைத்த மாதிரி.

பிரைஸை எப்படிப் பங்கிட்டு எடுக்கப்போகிறோம் என்ற கணக்கு ஆட்டம் தொடங்கும்போதே வேண்டும். இரண்டு பக்கமும் இஎக்ஸ் என்றால் இரண்டு, இரண்டு, இரண்டு என்று மூன்று போக்கிமான் விழுந்தால் போதும். நடுவில் ஒரே பிரைஸ் தரும் போக்கிமானை நான் முன்னால் நிறுத்தினால், எதிராளி மூன்று அடியில் முடிக்க நினைத்தது நான்காகிவிடும். அந்த ஒரு முறைதான் பல ஆட்டங்களை மாற்றுகிறது. சாரிசார்ட் இஎக்ஸின் தாக்குதல் 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். அவர் ஒன்றும் எடுக்காதபோது 180தான். நான்கு எடுத்த பின் 300. ஐந்து எடுத்த பின் 330, அதாவது இன்னொரு சாரிசார்ட் இஎக்ஸையே ஒரே அடியில் வீழ்த்தும் அளவு. இதைத் தெரியாத பிள்ளை முதலிலேயே அதை முன்னால் நிறுத்தி, 280 எச்பி உள்ளதை 180க்கு அடித்து, திருப்பி வாங்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் சிறிய போக்கிமானை விட்டுக்கொடுத்து, எதிராளி இரண்டு மூன்று பிரைஸ் எடுத்த பின் அதைக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் ஐயோனோ என்ற சப்போர்ட்டரைப் போட்டால், மிச்சமுள்ள பிரைஸ் எண்ணிக்கைக்குத்தான் எதிராளிக்குக் கை கிடைக்கும். இரண்டு பிரைஸ் பாக்கி வைத்திருப்பவர் இரண்டே கார்டோடு நிற்பார்.

கலைப்பதும் காப்பதும்

போக்கிமான், எனர்ஜி, போக்கிமான், எனர்ஜி என்று கோத்து வைத்துவிட்டு லேசாகக் கலைப்பது பிள்ளைகளிடம் இருக்கும் பழக்கம். நன்றாகக் கலைத்தால் அந்தக் கோப்புக்குப் பயனே இல்லை. கலைக்காமல் விட்டால் அது ஏமாற்று. குவியல் குவியலாகப் பிரிப்பதும் எண்ணிக்கை பார்க்கத்தான் உதவும். கலைத்து முடித்ததும் எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள்.

நம் வீடுகளில் பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றிலும் பெயரெழுத்து வெட்டி வைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் கார்டின் பின்னாலும் பெயர் எழுதிவிடுகிறார்கள். போட்டியில் அது அடையாளமிட்ட கார்டாகக் கணக்காகும். ரப்பர் பேண்ட் போட்டால் ஓரம் மடங்கும், அதுவும் அடையாளம்தான். 60 கார்டுக்கும் ஒரே நிற ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை), ஒரே நாளில் புதிதாக. இன்னொரு அறுபது உபரி ஸ்லீவும் பையில் இருக்கட்டும், கிழிந்த ஒன்றுக்கு மட்டும் புதுசு போட்டால் அது பளிச்சென்று தெரியும், அப்போது எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. போட்டிக்குக் கொடுக்கும் டெக் பட்டியலை முந்தின இரவே எழுதி, இன்னொருவரை விட்டு 60 கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய போட்டிகளில் ஒரு சுற்று மூன்று ஆட்டம், இரண்டு வென்றவருக்கு வெற்றி, நேரம் 50 நிமிடம். மூன்றாவது ஆட்டம் முடியாவிட்டால் சமன். இங்கே பாயில் ஒரே ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஆடிப் பழகியவர்கள் அங்கே திணறுகிறார்கள். அதனால் வளவுத் தூணில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். முதல் ஆட்டம் 25 நிமிடம் தாண்டி, எதிராளிக்கு ஒரு பிரைஸ் பாக்கி, உங்களுக்கு நான்கு பாக்கி, கையில் ஒன்றும் இல்லை என்றால், அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு உடனே கலைக்கத் தொடங்குங்கள். மீதி இரண்டு ஆட்டத்துக்கு நேரம் வேண்டும்.