அணி ஜெயித்தால் முழுப் பணமும் வாபஸ்: இந்த ஆஃபரில் வாங்குபவர்கள் எங்கே தவறுகிறார்கள்

2007 மார்ச் 7 முதல் ஏப்ரல் 16 வரை பாஸ்டன் வட்டாரத்து ஜோர்டன்ஸ் ஃபர்னிச்சர் கடைகள் ஒரு வாக்குறுதி கொடுத்தன. சோபா, கட்டில், மெத்தை, சாப்பாட்டு மேசை வாங்குங்கள். பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி அந்த ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றால் பணம் முழுவதும் திரும்ப வரும். அக்டோபர் 28 அன்று ரெட் சாக்ஸ் நான்காவது ஆட்டத்திலும் கொலராடோ ராக்கீஸைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. சுமார் 30,000 ஆர்டர்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கடை நொடிக்கவில்லை. சீசன் சூடுபிடிக்கும் முன்பே காப்பீடு எடுத்து வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆஃபர் என்றாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. பலர் உண்மையாகவே பணத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். கைவிட்டுப் போகும் பணம் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் போகிறது: பில் போடும்போது, நிபந்தனையைப் படிக்காமல் விடும்போது.

தள்ளுபடி என்று எண்ணி விலையை மறப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஹூஸ்டனில் கேலரி ஃபர்னிச்சர் நடத்தும் ஜிம் மெக்கிங்வேல், மெத்தை விற்றே ‘மேட்ரஸ் மேக்’ என்று பெயரெடுத்தவர். 2022இல் 3,000 டாலருக்கோ அதற்கு மேலோ மெத்தை வாங்கினால், ஊர் அணியான ஆஸ்ட்ரோஸ் வேர்ல்ட் சீரிஸை வெல்லும் பட்சத்தில் இரண்டு மடங்கு பணம் தருவதாக அறிவித்தார். ஆஸ்ட்ரோஸ் வென்றது, அவரும் கொடுத்தார்.

அந்த ஆண்டு மே மாதம் அவரே ஆஸ்ட்ரோஸ் மேல் 30 லட்சம் டாலர் பந்தயம் கட்டியபோது விகிதம் ஒன்றுக்குப் பத்து: 1 டாலர் கட்டி வென்றால் லாபம் 10 டாலர். அதாவது பந்தய நிறுவனத்தின் கணக்கிலேயே அந்த அணி வெல்லும் வாய்ப்பு 11இல் 1, ஏறத்தாழ 9 சதவீதம். நிறுவனம் தன் லாபத்தையும் அந்த விகிதத்துக்குள் வைத்திருக்கும் என்பதால் உண்மையான வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறைவு. இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 டாலர் மெத்தைக்கு 6,000 டாலர் திரும்ப வர 11இல் 1 வாய்ப்பு என்றால், அந்த வாக்குறுதியின் இன்றைய மதிப்பு சுமார் 545 டாலர். வாங்கிய தொகை மட்டும் திரும்பும் ஆஃபராக இருந்தால் சுமார் 270 டாலர். அதே தரமான மெத்தை பக்கத்துக் கடையில் 2,600 டாலருக்குக் கிடைத்தால், வாங்கிய தொகை மட்டும் திரும்பும் ஆஃபரை நம்பி 3,000 கொடுப்பவர் கடையை விட்டு வெளியே வரும்போதே 130 டாலர் இழந்துவிட்டார்.

இதன் தங்கைதான் ‘தொகையை எட்டுவதற்காக வாங்குவது’. 2,200 டாலருக்கு வேலை முடிந்திருக்கும். 3,000 ஆக வேண்டுமே என்று தேவையில்லாத 800 டாலர் பொருளைச் சேர்ப்பார்கள். இரண்டு மடங்கு ஆஃபரிலும் வாக்குறுதியின் மதிப்பு 545தான். சொந்த ஊர் அணி என்றால் இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. அணி மேல் பாசம் இருக்கட்டும், அதை பில்லில் சேர்க்காதீர்கள்.

கடையில் வாங்கியதெல்லாம் சேரும் என்று நினைப்பது

2018 உலகக் கோப்பையின்போது சீனாவின் ஹுவாடி நிறுவனம், சமையலறைச் சாதனங்கள் செய்யும் நிறுவனம், பிரான்ஸ் கோப்பையை வென்றால் முழுப் பணமும் வாபஸ் என்று விளம்பரம் செய்தது. பிரான்ஸ் அணியின் விளம்பரதாரரும் அதுவே. ஜூலை 15 அன்று பிரான்ஸ் 4–2 என்று குரோஷியாவை வென்றதும் நாடு முழுக்க, ஹுவாடி கவிழ்ந்தது என்றே பேச்சு.

நிறுவனம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கடைகள் வழியாக விற்பனை சுமார் 70 கோடி யுவான். அதில் வாபஸுக்குத் தகுதியான பொருள்கள் சுமார் 5 கோடி. இணையத்தில் சுமார் 30 கோடி. அதில் தகுதியானவை சுமார் 2.9 கோடி. ஆக 100 யுவான் விற்பனையில் திருப்பித் தர வேண்டியது 8 யுவான் அளவுதான். காரணம், விளம்பரத்தின் கீழே இருந்த ஒரு வரி: ‘சாம்பியன் தொகுப்பு’ என்று பெயரிட்ட குறிப்பிட்ட தொகுப்பை வாங்கியவர்களுக்கு மட்டும். விளம்பரத்தைப் பார்த்துக் கடைக்கு வந்து, பக்கத்தில் இருந்த வேறு அடுப்பை வாங்கியவருக்கு ஒரு யுவான்கூட இல்லை.

நேரமும் அதே விளம்பரத்தில் எழுதியிருந்தது: ஜூன் 1 நள்ளிரவு முதல் ஜூன் 30 இரவு 10 மணி வரை. ஜூன் 30 இரவு 11 மணிக்கு ஆர்டர் போட்டவர் அந்த வாசகத்தின்படி வெளியே. எனவே வாங்கும் முன் பொருளின் மாடல் எண்ணை நிபந்தனைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைசி நாள் கணக்கில் வருவது ஆர்டர் போட்ட நேரமா, பணம் கட்டிய நேரமா, டெலிவரி எடுத்த நாளா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது ஆறு மாதம் கழித்து நிற்காது.

‘பணம்’ என்றால் பணம்தான் என்று எண்ணுவது

அதே ஹுவாடி ஆஃபரில், இணையத்தில் வாங்கியவர்கள் பலருக்கு வந்தது ரொக்கம் அல்ல. அந்தந்தத் தளத்திலேயே செலவழிக்க வேண்டிய ஷாப்பிங் கார்டு. சமூக ஊடகங்களில் கோபம் கொதித்தது இதனால்தான். ‘முழுத் தொகை’ என்ற சொல்லைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ரொக்கமா, கடை கிரெடிட்டா? வரி, டெலிவரிக் கட்டணம், நீட்டித்த வாரன்டி இதில் சேருமா? யார் தருவது, தலைமை நிறுவனமா, வட்டார டீலரா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஹுவாடியில் இணைய வாபஸை நிறுவனமும், கடை வாபஸை அந்தந்தப் பகுதி டீலரும் ஏற்பது என்றுதான் ஏற்பாடு. டீலரின் கையிருப்பு எப்படி இருக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

‘ஜெயித்தால்’ என்ற சொல்லைப் படிக்காமல் விடுவது

எல்லா ஆஃபரும் கோப்பையை வைத்து வருவதில்லை. 2018இல் பெல்ஜியத்தின் ஒரு மின்சாதனக் கடை, தங்கள் நாடு அந்த உலகக் கோப்பையில் 15 கோலுக்கு மேல் போட்டால் டிவி வாங்கியவர்களுக்குப் பணம் வாபஸ் என்றது. பெல்ஜியம் அரையிறுதியில் தோற்றது. ஆனாலும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 82ஆம் நிமிடத்தில் ஹசார்ட் அடித்தது அந்த அணியின் 16ஆவது கோல். அந்த 16இல் ஒன்று பிரேசில் வீரர் தன் வலையிலேயே போட்டுக்கொண்டது. எதிரணியின் சுய கோல் கணக்கில் வருமா, மூன்றாம் இட ஆட்டம் வருமா, பெனால்டி ஷூட்அவுட் வருமா என்பதெல்லாம் நிபந்தனையில் இருக்க வேண்டிய வரிகள்.

போட்டியே நடக்காவிட்டால்? 1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் வேர்ல்ட் சீரிஸ் ரத்தானது. 2020 யூரோ கால்பந்து 2021க்குத் தள்ளிப்போனது. ஒத்திவைத்தால் ஆஃபர் தொடருமா, காலாவதியாகுமா என்ற வரி இல்லாத ஆஃபரில் அந்த முடிவை எடுப்பது கடைதான்.

ரசீது, ரிட்டர்ன், தவணை

ஏப்ரலில் வாங்கிய சோபாவுக்கு அக்டோபரில் முடிவு. கடை தரும் பில் பெரும்பாலும் வெப்பக் காகிதத்தில் அச்சிட்டது. பர்ஸிலோ காரின் டேஷ்போர்டிலோ வைத்தால் எழுத்து மங்கி வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுங்கள். நிபந்தனைப் பக்கத்தையும் அன்றைய தேதியோடு சேமியுங்கள். ஒரிஜினலைக் கவரில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதுவும் மையை மங்கவைக்கும். வீடு மாறினால் முகவரியைக் கடைக்குத் தெரிவியுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இருந்தால், வெற்றிக் கொண்டாட்டம் முடியும் முன்பே அனுப்புங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தாலோ மாற்றினாலோ பழைய பில்லின் தகுதி போய்விடலாம். மாற்றும் முன் கேளுங்கள். தவணையில் வாங்கியவர் கவனிக்க வேண்டியது வேறு: கடை தருவது பொருளின் விலை மட்டுமே, நீங்கள் கட்டிய வட்டி திரும்பாது. சில ஏற்பாடுகளில் தொகை நேரே கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போகும்.

கடைக்காரர் பக்கம்

ஆஃபர் நடத்த நினைக்கும் கடைக்காரர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: போட்டி தொடங்கி, அணி நன்றாக ஆடத் தொடங்கிய பிறகு காப்பீடு தேடுவது. பிரீமியம் வெற்றி வாய்ப்பை ஒட்டி ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். முதல் பில் போடும் முன் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அதில் உச்சவரம்பு இருந்தால், விற்பனை அந்த வரம்பை எட்டும் நாளில் ஆஃபரை நிறுத்தும் உரிமையை விளம்பரத்திலேயே எழுத வேண்டும். விற்பனைக் கணக்கைக் காப்பீட்டாளர் கேட்ட வடிவத்தில், கேட்ட நாளில் அனுப்பாவிட்டால் இழப்பீடு சிக்கலாகும்.

மெக்கிங்வேல் போல் அதே அணி மேல் பந்தயம் கட்டி, வென்றால் வரும் பணத்தில் வாபஸை ஈடு செய்வதைச் சின்னக் கடைகள் நினைத்தும் பார்க்கக் கூடாது. ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி இல்லை என்பதால் அவர் பக்கத்து மாநிலமான லூசியானாவின் எல்லைக்குக் காரோட்டிப் போய்க் கட்டினார். 2022 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி மேல் அவர் கட்டிய தொகை சுமார் 95 லட்சம் டாலர். பெங்கால்ஸ் தோற்றது, தொகை முழுவதும் போனது.

விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞரிடம் இரண்டு விஷயம் காட்டுங்கள். அமெரிக்காவில் பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுக்கும் பணம் மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. அனுமதியில்லாமல் நடத்துவது குற்றம், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்தது பெயர். சூப்பர் பௌல், வேர்ல்ட் சீரிஸ், ஒலிம்பிக்ஸ் எல்லாம் பதிவுசெய்த வணிகக் குறிகள். கடை விளம்பரங்களில் ‘பெரிய ஆட்டம்’ என்று மட்டும் எழுதியிருப்பது இதனால்தான்.