கிராண்ட் கேன்யனில் கோடை இடிமழை: படத்தைக் கெடுக்கும் தவறுகள்

அரிசோனாவின் மழைக்காலம் ஜூன் 15-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது என்பது அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் கணக்கு. கிராண்ட் கேன்யனில் மேகம் களைகட்டுவது பெரும்பாலும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. அந்த ஆறேழு வாரத்தில் போயும், மெமரி கார்டு நிறையச் சாம்பல் வானத்தோடு திரும்புகிறவர்கள் பலர். குறை கேமராவில் இருப்பதில்லை. மழைக்கு மிக அருகில் நின்றிருப்பார்கள், அல்லது வெளிச்சம் விழாத பக்கம் பார்த்து நின்றிருப்பார்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

மழைக்குள் போய் நிற்பது

மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால் அதற்கு உருவமே கிடையாது. கிடைப்பது மங்கிய வெள்ளைப் பின்னணியும் நனைந்த லென்ஸும். 15 முதல் 40 கி.மீ. தள்ளி நிற்கும்போதுதான் கரிய அடிவயிறு, தொங்கும் மழைத்திரை, மேலே பொங்கி எழும் வெண்முகில் மூன்றும் ஒரே படத்துக்குள் வரும். கேன்யனின் சராசரி அகலமே சுமார் 16 கி.மீ. என்பதால் எதிர்க்கரை மழையைத் தெற்கு விளிம்பிலிருந்து எடுக்கும் வசதி தானாக அமைந்திருக்கிறது. வடக்கு விளிம்பு சுமார் 2,400 மீட்டர் உயரம், தெற்கைவிட 300 மீட்டர் கூடுதல். நண்பகலை ஒட்டி முதல் மேகங்கள் திரள்வது பல நாட்களில் அந்த மேட்டு நிலத்தில்தான்.

படத்துக்கு ஏற்ற தூரமும் உயிருக்கு ஏற்ற தூரமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. மழை பெய்யாத இடத்திலும், மேகத்திலிருந்து 15 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் இறங்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்: 3 வினாடிக்கு 1 கி.மீ. 30 வினாடிக்குள் இடி கேட்டால் விளிம்பை விட்டு நகர வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்பக் கூடாது. தலைமுடி சிலிர்த்து நின்றாலோ, இரும்புக் கம்பி வேலி ரீங்கரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒதுங்க ஏற்றவை கட்டடமும், கண்ணாடி ஏற்றிய உலோகக் கூரைக் காரும்தான். தனி மரமும் பாறைக் குடைவும் பாதுகாப்பு அல்ல.

இடத்தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான். அந்திக்குப் பெயர்போன ஹோப்பி பாயிண்ட் இருக்கும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, பேருந்து மட்டுமே. இடி நெருங்கும்போது ஒதுங்கக் கார் இல்லாமல், மூன்று பக்கமும் பள்ளம் சூழ்ந்த முனையில் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டி வரும். இடிமழை நாளில் கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் உள்ள லிப்பன் பாயிண்ட், மோரன் பாயிண்ட் போன்ற இடங்களே மேல். காரைச் சில அடி தூரத்தில் நிறுத்தலாம். ஆற்றின் வளைவும் தெரியும்.

அதிக மழை அறிவித்த நாளைத் தேர்வது

80 சதவீத மழை வாய்ப்பு என்று பார்த்ததும் கிளம்புவது இயல்பான ஆசை. அப்படிப்பட்ட நாளில் ஈரம் மிகுந்து, காலையிலேயே வானம் முழுக்க மூடிக்கொள்ளும். சூரியச் சூடு தரையில் படாததால் தனித்தனி மேகக் கோபுரங்கள் எழும்புவதும் குறையும். 20 முதல் 40 சதவீத நாட்களை நாங்கள் விரும்புவோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக மழை, இடையே இடைவெளி, அந்த இடைவெளி வழியே வெயில்.

மாலை நெருங்கும்போது ரேடாரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு பிழை. மழை எங்கே என்று ரேடார் சொல்லும். வெளிச்சம் வருமா என்று சொல்லாது. அதற்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கோஸ் (GOES) என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் படத்தில் மேற்குத் தொடுவானத்தைப் பாருங்கள். அங்கே மேகக் கூட்டத்துக்கு அப்பால் திறந்த வானம் இருந்தால், சூரியன் அந்தக் கீற்றுக்குள் இறங்கும்போது பாறை முழுக்கத் தீப்பிடித்தது போலாகும். அந்த நேரம் சில நிமிடங்கள்தான். விளிம்பில் கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடையாது. வண்டி நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்புமுன்பே படத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

நேரக் கணக்கும் ஆளை ஏமாற்றும். அரிசோனா கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவதில்லை. பக்கத்து மாநிலமான யூட்டாவும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியும் தள்ளுகின்றன. எல்லையோரத்தில் உள்ள பேஜ் ஊரில் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும். விடியற்காலை அலாரத்தை நம்பி ஒரு மணி தாமதமாக எழுந்தவர்கள் உண்டு. கைபேசியில் நேர மண்டலத்தைக் கையால் நிலைநிறுத்திவிடுங்கள்.

மின்னல் பிடிக்கும்போது

பகல் மின்னலுக்கு விரலை நம்பிப் பயனில்லை. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் முடிந்துவிடும். மின்னல் உணரி வேண்டும். ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரே வெட்டு அல்ல. அதே தடத்தில் மூன்று நான்கு முறை, சில பத்து மில்லிவினாடி இடைவெளியில் மறுபடி மறுபடி பாயும். உணரி முதல் ஒளியைக் கண்டு ஷட்டரைத் திறக்கச் சொல்கிறது. நமக்குக் கிடைப்பது பின்னால் வரும் பாய்ச்சல்கள். ஆகவே கேமரா தாமதித்தால் கதை முடிந்தது. ஆட்டோஃபோகஸை அணைத்து, எதிர் விளிம்பில் ஃபோகஸ் செய்து வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள். கேமரா உறக்க நிலைக்குப் போகாதபடி செய்யுங்கள். கண்ணாடியுள்ள எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் லைவ் வியூ, அதாவது பின்திரையில் காட்சி பார்க்கும் முறை, தாமதத்தைக் கூட்டும், அதையும் அணையுங்கள்.

ஷட்டர் வேகத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 1/250 வினாடி வைத்தால் பின்னால் வரும் பாய்ச்சல்கள் தப்பிப் போகும். 1 வினாடி வைக்க வேண்டுமென்று வெளிச்சத்தைக் குறைக்கும் கனமான என்டி ஃபில்டர் போட்டால், பகல் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போக, மின்னல் ஒரு கணம் மட்டும் எரிந்ததால் வெளிறிப்போகும். பகலில் 1/15 முதல் 1/4 வரை வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/11, ஷட்டர் 1/15, கூசொளியைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று: தொடங்க இது போதும். இருட்ட இருட்ட போலரைசரைக் கழற்றி, ஷட்டரை 1/4-க்குக் கொண்டு வாருங்கள்.

இரவில் கணக்கு மாறும். மின்னலின் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும்; நிலப்பரப்பின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பதில் ஷட்டரும் சேர்ந்துகொள்ளும். 10 கி.மீ. தூர மின்னலுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 கி.மீ. என்றால் எஃப்/4 பக்கம் திறக்க வேண்டும். ஷட்டர் 10 முதல் 30 வினாடி, ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல். இங்கே பலர் மறக்கும் ஒன்று, நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு. அது இயங்கினால் ஒவ்வொரு 20 வினாடிப் படத்துக்கும் பிறகு கேமரா இன்னொரு 20 வினாடி கண்மூடிக்கொள்ளும். நல்ல மின்னல் அந்த இருபதில்தான் விழும் என்பது அனுபவப்பட்டவர்களின் புலம்பல்.

வெளிச்சத்தைத் தவறாகப் படிப்பது

அந்தியில் எல்லோரும் சூரியனை நோக்கியே நிற்பார்கள். ஒருமுறை முதுகைத் திருப்பிப் பாருங்கள். கிழக்கே கறுத்த மழைத்திரை, அதன்முன் செந்நிறமாய் ஒளிரும் பாறைக் கோபுரம்: பெரும்பாலும் படம் அங்கேதான் இருக்கும். வானவில்லும் சூரியனுக்கு நேர் எதிரேதான். சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே அது தொடுவானத்துக்கு மேல் எழும். ஆனால் விளிம்பில் நின்று கீழே பார்க்க முடிவதால், அதற்கு முன்பே பள்ளத்துக்குள் வானவில் துண்டு தெரிவதுண்டு. முழு வில்லும் வேண்டுமானால் ஃபுல்ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸுக்கும் விரிவானது வேண்டும். வில்லின் குறுக்கு விரிவு 84 டிகிரி. போலரைசரைத் தவறான கோணத்தில் விட்டால் வானவில் கண்ணெதிரே மறைந்துபோகும். மெல்லத் திருப்பி, நிறம் செறிவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆனால் மற்ற நேரங்களில் விரிகோண லென்ஸையே பற்றிக்கொண்டிருப்பது பெரும் பிழை. 20 கி.மீ. அப்பால் உள்ள மழைத்திரை 16 மி.மீ.யில் நகக்கீறல் அளவுக்குச் சுருங்கிவிடும். 70-200 லென்ஸே இங்கே உழைப்பாளி. ஒரு கோபுரம், அதன்மேல் ஒரு வெயில் திட்டு, பின்னால் தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும் மழை: இவ்வளவு போதும்.

எக்ஸ்போஷரைக் கேமராவிடம் விட்டால், கரிய மேகத்தைக் கண்டு அது படத்தை வெளுக்கச் செய்யும். வெயில் பட்ட பாறையில் நிறம் எரிந்துபோகும். ஹிஸ்டோகிராமில், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில், சிவப்பு அலைவரிசையைத் தனியே பாருங்கள். செம்பாறையில் முதலில் முட்டுவது அதுதான். மொத்த வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்காது. பாறைக்கேற்ப எடுத்து, நிழலைப் பிறகு உயர்த்தலாம். நிறச் சாயலைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மேகத்தின் நீலத்தையும் பாறையின் பொன்னையும் ஒன்றுக்கொன்று சமாதானம் செய்து சப்பென்றாக்கிவிடும். 5,200 கெல்வினில் நிறுத்தி, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். பாதி இருண்ட கிரேடு ஃபில்டர் இங்கே உதவாது, தொடுவானத்துக்கு மேல் நீட்டி நிற்கும் பாறை முனைகளும் சேர்ந்து கறுக்கும்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலையும். மேகத்தின் அடிப்பகுதி சிவப்பது பல நாட்களில் அதற்குப் பிறகு 10 முதல் 20 நிமிடத்தில்.

தலைக்கு மேல் நீலவானம் என்று நம்புவது

இடுக்குப் பள்ளத்தாக்குகளின் ஒளிக்கற்றைக்காக இதே பருவத்தில் உள்ளே இறங்குகிறவர்கள் அறிய வேண்டியது: வெள்ளத்துக்கு அங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் அருகே லோயர் ஆன்டிலோப் கேன்யனில், பல கி.மீ. மேலே பெய்த மழையின் வெள்ளம் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். இன்று அங்கே நவஹோ வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும். வழிகாட்டி வெளியேறச் சொன்னால் ட்ரைபாடை மடித்துக்கொண்டிருக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். மண் சாலைகள் நனைந்தால் சில நிமிடங்களில் களிச்சேறாகிவிடும். திரும்பும் வழியில் வறண்ட ஓடை குறுக்கிட்டால், மேல்நிலத்தில் மேகம் கறுக்கத் தொடங்கியதுமே கிளம்ப வேண்டும். தேசியப் பூங்காக்களில் டிரோனுக்கு 2014 முதல் தடை.

காற்றையும் தூசியையும் அலட்சியம் செய்வது

மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று ஒரு சுவர் போல வந்து மோதும். நடுத்தண்டை உயர்த்திய ட்ரைபாட் அதில் சாயும். தொங்கவிட்ட பையும் ஊஞ்சலாடி நடுக்கத்தைக் கூட்டும். கால்களைத் தாழ்த்தி அகட்டி வைத்து, பையைத் தரையில் தொடும்படி கட்டுங்கள். அந்தக் காற்றில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் செம்மண்தான் மிஞ்சும். இரண்டு கேமரா இல்லையென்றால் காருக்குள் மாற்றுங்கள். துளி விழுந்த கண்ணாடியை உடனே துணியால் தேய்த்தால் மணல் கீறும். முதலில் காற்றுக்குமிழால் ஊதி, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றுங்கள். நான்கு துணியாவது வேண்டும், ஒன்று நனைந்தால் அன்றைக்கு அது பயன்படாது. அறைக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டி, பூட்டுகளைத் துடைத்து, அப்படியே காயவிடுங்கள். ஈரமும் மணலும் சேர்ந்து காய்ந்தால் காலையில் கால் நீளாது.