பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் ஓவர்கிளாக்கை இறக்குங்கள்

போன வாரம் டிக்கோயாவிலிருந்து ஒரு தம்பி, செத்துப்போன மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தான். “சும்மா கொஞ்சம் வேகம் கூட்டினேன் அண்ணே, ஹேங் ஆகுதேன்னு பயாஸ் அப்டேட் போட்டேன்.” எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே கூத்து. சிபியு, ரேமை அதனதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்; பயாஸ் என்பது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள். தெர்மல் பேஸ்ட்டை அள்ளி அப்புவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஓவர்கிளாக்கோடு பயாஸ் எழுதுவது

புதுப் பயாஸ் கோப்பு முதலில் ரேமுக்குள் ஏறி, அங்கிருந்துதான் போர்டிலுள்ள சிப்பில் எழுதப்படுகிறது. ரேமே தடுமாறும்போது கோப்பு கெடலாம், அல்லது எழுதும் நடுவிலேயே ஹேங் ஆகலாம். பாதி எழுதிய சிப்போடு போர்ட் கண் திறக்காது.

3200 வேக ரேமை 3600 வேகத்தில் ஓட்டியபடி நான் அப்டேட் போட்டேன். 60 சதவீதத்தில் நின்றது. வெளியே ஜூன் மழை. கரண்ட்தான் சதி செய்தது என்று இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அறை பல்ப் எரிந்துகொண்டேதான் இருந்தது! கண்டிக்குக் கொண்டுபோய், புரோகிராமர் என்ற கருவியை வைத்து சிப்பை மறுபடி எழுதி வாங்கியதில் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழுந்தது.

முதலில் பயாஸ் மெனுவில் ‘லோட் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸ்’ கொடுத்து சேவ் செய்யுங்கள். எக்ஸ்எம்பியும் (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைந்து, ரேம் பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். போர்டின் பெயர் மட்டும் போதாது, அதில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். நம் ஊர் மழைக்கு யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஒரே நேரத்தில் நாலைந்து செட்டிங்கை மாற்றுவது

ஒன்றை மாற்று, சோதி, அப்புறம் அடுத்தது.

திரை கறுத்ததும் பயாஸ் போச்சு என்பது

டிடிஆர்5 (புதுத் தலைமுறை ரேம்) போர்ட் என்றால் ரேம் டிரெய்னிங்குக்கே, அதாவது போர்ட் ரேமோடு ஒத்துப்போகத் தன்னைச் சரிசெய்துகொள்வதற்கே, சில நிமிடம் போகும். பொறுங்கள். அப்புறமும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், மாற்றிய செட்டிங் அழிந்துவிடும். பெரும்பாலும் தப்பான செட்டிங்தான், சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நுவரெலியாக் குளிரை நம்புவது

1,868 மீட்டர் உயரத்தில், ராத்திரியில் பாஸான ஓவர்கிளாக், கம்பஸுக்கென்று கொழும்புக்குப் போனதும் படுத்துவிடும். அறைச் சூடு கூடுகிற அளவுக்கு சிபியுவும் சூடாகும்.

டிக்கோயாத் தம்பியின் போர்டில் பென் டிரைவிலிருந்து நேரே பயாஸை எழுதும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தது, அவன் கவனிக்கவே இல்லை. அது சிபியு, ரேம் எதையும் நம்பி இல்லை. ஃபேட்32 பென் டிரைவில், போர்ட் கேட்கும் பெயரில் கோப்பைப் போட்டு அழுத்தினேன். ஆறு நிமிடத்தில் உயிர் வந்தது.

“அண்ணே, இப்ப 5 கிகாஹெர்ட்ஸ் வைக்கலாமா?”