டியூபாவில் அடி ஆழம் வரை இறங்குவது எப்படி?

பியானோவின் இடது ஓரத்துக் கடைசிக் கட்டை ஏ என்ற சுரம். அதை ஒட்டிய கறுப்புக் கட்டைதான் பி ஃப்ளாட், வினாடிக்கு ஏறக்குறைய 29 அதிர்வு. பி ஃப்ளாட் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியில் ஒரு வால்வைக்கூட (குழாயின் நீளத்தைக் கூட்டும் பொத்தான்) அழுத்தாமல் இந்தச் சுரத்தை எடுக்கலாம். பெடல் நோட் என்பார்கள். நம் கணக்கில் அனுமந்திர ஸ்தாயி. பலமாக ஊதினால்தான் இது வரும் என்று நினைத்தே பலர் மாதக்கணக்கில் சிரமப்படுகிறார்கள். இதற்கு வேண்டியது பலம் இல்லை; நிறைய காற்று, அதுவும் நிதானமான காற்று.

முதலில் காற்று. டியூபாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். சூடான காபியை ஆற்றுவது போல ஊதினால் கையில் குளிர்ச்சியாகப் படும். கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று விடுகிற மூச்சு வெதுவெதுப்பாகப் பரவும். கீழ்ச் சுரங்களுக்கு இந்த இரண்டாவது மூச்சுதான் வேண்டும். தோள் தூக்காமல், வயிறும் விலாவும் விரிய இழுங்கள். காற்று சீக்கிரம் தீரும், அது இயல்புதான். தலை சுற்றினால் உடனே நிறுத்தி ஓய்வெடுங்கள்.

அப்புறம் வாய். தாடையைக் கீழே இறக்கி, பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். நாக்கு 'ஓ' சொல்லும்போது இருப்பதுபோல் தாழ்ந்து கிடக்கட்டும். உதட்டின் நடுப்பகுதி தளரலாம், ஓரங்கள் தளரக் கூடாது. தளர்ந்தால் காற்று பக்கவாட்டில் கசியும். மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் பகுதியை, உதட்டில் அழுத்தவே அழுத்தாதீர்கள். உதடு அசைய இடமில்லாவிட்டால் சுரம் எங்கிருந்து வரும்?

இனி இறங்கலாம். நான்கு வால்வு டியூபா என்றால், பெடலுக்கு ஒரு ஸ்தாயி மேலே, வால்வு அழுத்தாமல் வரும் பி ஃப்ளாட்டில் தொடங்கி அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குங்கள். எஃப்-க்கு 4, ஈ-க்கு 2-4 (எண்கள் அழுத்த வேண்டிய வால்வுகள்). அதற்குக் கீழே சுருதி ஏறிக்கொண்டே போகும். வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது கிடைக்கும் கூடுதல் குழாய் நீளம் போதாததுதான் காரணம். அதனால் ஈ ஃப்ளாட்டுக்கு 1-2-4, டி-க்கு 2-3-4, டி ஃப்ளாட்டுக்கு 1-3-4, சி-க்கு நான்கும் என்று வைத்துக்கொண்டு, வால்வுக் குழாயின் ஸ்லைடை (நீளத்தை மாற்றும் இழுகுழாய்) இழுத்துச் சரிசெய்யுங்கள். பி நேச்சுரல் (ஃப்ளாட் இல்லாத பி) இப்படிச் சரியாகக் கிடைக்காது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் டேவிட் பிளேக்லி 1874-இல், குறையும் குழாய் நீளத்தைத் தானாக ஈடுகட்டும் காம்பன்சேட்டிங் வால்வை உருவாக்கினார்; அந்த வகை டியூபா உங்களிடம் இருந்தால் இந்தத் தொல்லை இருக்காது.

மூன்று வால்வுதானா? கவலை வேண்டாம். வால்வு எதையும் அழுத்தாமல் உதட்டை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே வந்தால், பெடலுக்கு மேலே ஈ ஃப்ளாட் பக்கத்தில் ஒரு சுரம் தட்டுப்படும். கருவியின் இயல்பான சுர வரிசையில் சேராத ஃபால்ஸ் டோன் என்பது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு 2, 1, 1-2, 2-3 என்று இறங்கினால் பி நேச்சுரலையே தொடலாம்.

கடைசியாகப் பெடல். முதல் நாள் இது சுரமாகவே கேட்காது, தடதடவென்று உதடு அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக உணரலாம். சரியான பாதையில்தான் போகிறீர்கள். சத்தத்தைக் கூட்டாமல், நான்கு எண்ணிக்கை வரை நிறுத்திப் பாருங்கள். போனில் பதிவுசெய்து கேட்டு மனம் தளராதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 29 ஹெர்ட்ஸைத் தர முடியாது.

தினமும் பத்து நிமிடம் போதும். முடிக்கும்போது மேலே, நடு ஸ்தாயி பி ஃப்ளாட்டுக்கு வந்து இரண்டு நீண்ட சுரம் வாசித்து, உதட்டைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டு டியூபாவை வையுங்கள்.