லாகோஸ் வேலைக்கு வருகிறீர்களா? முதலில் நைரா கணக்கைப் பாருங்கள்

நைஜீரியாவில் லாகோஸ் பக்கத்து லெக்கியில் டாங்கோட்டே எண்ணெய் ரிஃபைனரி வந்ததிலிருந்து திருச்சி, துவாக்குடி பக்கத்து வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் "நைஜீரியா எப்படிண்ணே?" என்று கேட்பது நின்றபாடில்லை. வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். நாளைக்கு 6.5 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை, பக்கத்திலேயே 2023-இல் திறந்த ஆழ்கடல் துறைமுகம், அப்புறம் லாகோஸிலிருந்து கலபார் வரை போட ஆரம்பித்திருக்கும் 700 கிலோமீட்டர் கடற்கரைச் சாலை. தெரிந்து வந்தால் நன்றாகச் சம்பாதிக்கலாம்.

பேப்பர் வேலையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். ஊசிக்குத் தரும் அட்டை போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் டிக்கெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலைக்கு வருபவர்களுக்கு எஸ்டிஆர் விசா, அதாவது வந்தபின் தங்கும் அனுமதியாக மாற்றிக்கொள்ளும் விசா. வந்து 90 நாளுக்குள் கம்பெனி செர்பாக் கார்டு, அதாவது தங்கி வேலை செய்யும் அனுமதி அட்டை, எடுத்துத் தர வேண்டும். "இப்போ விசிட்டில் வா, இங்கே மாத்திக்கலாம்" என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். இதையெல்லாம் ஓரளவு ஏஜென்டே சொல்லிவிடுவான். சம்பளம் எந்த ரேட்டில் கைக்கு வரும் என்பதைத்தான் வாயே திறக்க மாட்டான்.

நம் ஆட்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்துவிட்டு வருகிறவர்கள். அங்கே ரியாலும் திர்ஹாமும் பல வருஷமாக டாலரோடு கட்டிப்போட்டவை, அதனால் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டாலே போதும், ரேட்டைப் பற்றி யோசித்தே பழக்கமில்லை. எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படும் 18 நாடுகள் பட்டியலிலும் நைஜீரியா கிடையாது. உங்கள் கான்ட்ராக்டை நம் ஊர் அதிகாரி யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் நண்பன் ஒருவன் 2023 ஆரம்பத்தில் ஒரு சப்-கான்ட்ராக்டரிடம் ஃபோர்மேனாக வந்தான். சம்பளம் 1,500 டாலர். பாதி ஊர்க் கணக்குக்கு டாலராகப் போகும், மீதி 750 டாலருக்கு இங்கே நைரா, அதாவது இந்த ஊர்ப் பணம், "ஒப்பந்தத் தேதியின் அரசு ரேட்டில்" என்று நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அன்று அரசு ரேட் சுமார் 460. மாசம் 3,45,000 நைரா, கத்தை கத்தையாக. அவனுக்கு ஏக சந்தோஷம். ஆனால் அன்றைக்கே தெருவில் அபோக்கிகளிடம், அதாவது பணம் மாற்றும் ஆட்களிடம், டாலர் 750 நைரா ஓடிக்கொண்டிருந்தது. முதல் மாசத்திலேயே அந்தப் பாதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மே 29-ஆம் தேதி புது ஜனாதிபதி டினுபு பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் போச்சு என்றார். 185 நைராவாக இருந்த லிட்டர் சில நாளில் 500-ஐ நெருங்கியது. ஜூன் 14-ஆம் தேதி மத்திய வங்கி அதுவரை பிடித்து வைத்திருந்த டாலர் ரேட்டையும் அவிழ்த்துவிட்டது. 2024 பிப்ரவரியில் டாலர் 1,500 நைரா. இவனுக்கு வந்ததோ அதே 3,45,000, அதாவது 230 டாலர். அக்கவுண்ட்ஸில் போய்க் கேட்டால் "ஓகா (பாஸ்), கான்ட்ராக்டில் உள்ளதைத்தானே தருகிறோம்" என்று சிரித்தபடி அந்த நாலாம் பக்கத்தை எடுத்துக் காட்டினார்களாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் கம்பெனிக்குப் பில் பணம் வந்தது டாலரில்.

எண்ணெய் விற்கிற நாட்டில் டாலருக்கு ஏன் பஞ்சம் என்று கேட்பீர்கள். கச்சா எண்ணெயை விற்றுவிட்டு, பெட்ரோலை வெளியிலிருந்து டாலர் கொடுத்து வாங்கிய நாடு இது. இந்த ரிஃபைனரியில் பெட்ரோல் வர ஆரம்பித்ததே 2024 செப்டம்பரில்தான். டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸே 2022-இல் இங்கே பறப்பதை நிறுத்தியது. திரும்ப வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அவர்களுக்கே அந்தக் கதி.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் முழுச் சம்பளத்தையும் ஊர்க் கணக்குக்கு டாலராகக் கேளுங்கள், செலவுக்கு மட்டும் கொஞ்சம் நைரா. முடியாது என்றால் "சம்பளம் தரும் நாளின் ரேட்டில்" என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை எல்லாம் வேண்டாம், வாட்ஸப்பும் வேண்டாம், கான்ட்ராக்டிலேயே இருக்கட்டும். மிச்சமாகிற நைராவை ஊருக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள், நம் ஊரில் நைராவை யாரும் சீந்த மாட்டார்கள்.

மற்றபடி ஊர் நல்ல ஊர். ஜனங்கள் வெளிப்படையாகப் பேசுவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள், ஜொல்லோஃப் சோற்றின் காரம் நமக்கு ஒத்துப்போகும். கேகே என்று இவர்கள் சொல்லும் ஆட்டோக்களில் டிவிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். லெக்கி-எபே ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டினால் மட்டும் மதுரவாயல் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். புளியும் பெருங்காயமும் கொண்டுவாருங்கள். லீவில் ஊருக்குக் கிளம்பும்போது மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனியே அடைத்து வைத்துவிடுவார்கள், வீட்டில் பிரியாணி ஆறிப்போகும்.